பின்தெருவில் ஒருத்தர்

மார்ட்டின் மாடிப்படியில் பாதி உடம்பு தெரிய நின்றார். இரண்டு கைகளையும் மேலே தூக்கி, இல்லாத கயிறு ஒன்றைக் கீழே இழுத்துக் காட்டினார்.

லூர்துபிரகாஷ் ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். பிரான்சிலிருந்து வந்திருந்த அம்மாள் கைகளாலும் கால்களாலும் வாசித்துக்கொண்டிருந்தாள். இசைத்தாளின் கடைசி வரிக்கு வரும்போது தலையை லேசாக அசைப்பாள். அவன் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அந்த அசைவைத் தவறவிடக் கூடாது.

மார்ட்டின் மறுபடியும் கயிற்றை இழுத்துக் காட்டினார். கோவிலில் மணி அடிப்பவர் அவர். துக்க மணி யாருக்கு என்று லூர்துபிரகாஷ் கேட்கவில்லை. மத்தியானம் பார்த்துவிட்டு வந்தபோதே அண்ணனுக்கு மூச்சு வாய் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தலை அசைந்தது. பக்கத்தைத் திருப்பினான். பிறகு மார்ட்டினுக்கு உள்ளங்கையைக் காட்டினான். இருக்கட்டும், அப்புறம்.

மார்ட்டின் சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தார். இறங்கிப் போனார்.

மணிக்கயிறு தொங்கும் அறை ஆர்கன் மாடிக்கு அடுத்ததுதான். பெரிய மணி அடித்தால் மாடியின் பலகை அதிரும். குழாய்களும் கூடச் சேர்ந்து முனகும். கச்சேரியை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார்கள். சத்தம் விழக் கூடாதென்று மின்விசிறிகளைக்கூட நிறுத்தியிருந்தார்கள். கீழே ஜனங்கள் நிகழ்ச்சி நிரல் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து பார்க்கக் கோவில் முழுக்க வெள்ளையாக ஏதோ சிறகடிப்பதுபோல் இருந்தது. அந்தத் தாளின் அடியில் அவன் பெயர் இருந்தது. லூர்துபிரகாஷ், செயலாளர்.

அவன் கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்தான். வீடு கொஞ்சம் தள்ளி, சாரம் பகுதியில். வௌவால் அடைந்து கிடந்த ஆர்கனை, பிரான்சில் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கெல்லாம் எழுதி எழுதிச் சரிசெய்ய வைத்தவன் அவன்தான். இப்போது வருஷத்தில் சில மாலைகள் கச்சேரி நடக்கிறது. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பழைய தந்தி வாத்தியங்களோடு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். பல நூறு வருஷம் பழையதான பாட்டுகளைப் பாடுகிறார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு கன்னியாஸ்திரீ இசைக்குறிகளைப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். அது போதும். மாடியில் அந்த இடம் அவனுடையது.

அண்ணன் சவரிராயன் ஆட்டோ ஓட்டினார். கோவில் வாசலில்தான் ஸ்டாண்டு. கோவிலுக்குப் பின்தெருவில் வீடு. பாகூர்ப் பக்கத்திலிருந்து மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுவந்த அமுதவல்லியை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் கோவில் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. படுக்கையில் விழுந்த பிறகுதான் பங்குச்சாமி வீட்டுக்கே வந்து இரண்டு பேரின் கலியாணத்தையும் ஜெபம் சொல்லி மந்திரித்தார். அண்ணனுக்கு நன்மை அப்பம் கொடுத்தார். சாமி கிளம்பியதும் அண்ணன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஒன்றைத்தான் கேட்டார்.

"எனக்கு மணி அடிப்பாங்களாடா?"

"அடிப்பாங்கண்ணே. நான் இருக்கேன்ல."

கோவிலுக்கு ஆகாமல் செத்தவர்களுக்கு மணி கிடையாது என்பது அந்தத் தெருவுக்குத் தெரியும். மணி கேட்டால்தான் தெரு வாசலுக்கு வரும். யாரென்று விசாரிக்கும். சிலுவை போட்டுக்கொள்ளும். அண்ணனுக்கு அது வேண்டியிருந்தது. அண்ணிக்கு அவரைவிட அதிகமாக வேண்டியிருந்தது. இவளைக் கட்டியதால்தான் அவனுக்கு மணிகூடக் கிடைக்காது என்ற பேச்சு அவள் காதில் விழுந்து பல காலம் ஆகியிருந்தது.

இடைவேளையில் பங்குச்சாமி அவனைத் தூணோரம் அழைத்துப் போனார். செய்தி அவருக்கும் வந்திருந்தது. அடுத்த பகுதி தொடங்குமுன் அடித்துவிடலாம், கொஞ்சம் பிந்தினால் குடிமுழுகிப் போகாது என்றார்.

"உங்க அண்ணன், லூர்து. நீங்க சொல்றதுதான்."

முன்வரிசையில் விருந்தினர்கள் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததால் கச்சேரியே பிந்தித்தான் ஆரம்பித்திருந்தது. மணி அடித்தால் யாருக்கு என்று கேட்பார்கள். சொன்னால், நீ ஏன் இன்னும் இங்கே நிற்கிறாய் என்று கேட்பார்கள். போய்விட்டால் பக்கம் திருப்ப வேறு ஆள் இல்லை. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். அதற்கும் அடியில் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் பார்க்கவில்லை.

"முடியட்டும் சாமி. கொஞ்ச நேரந்தான். இருட்டறதுக்குள்ள அடிச்சிடலாம்."

விளக்கு வைத்த பிறகு துக்க மணி அடிக்கும் வழக்கம் அந்தக் கோவிலில் இல்லை. சாமி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு விருந்தினர்களிடம் போனார்.

மதாம் அகஸ்டினா அவனைத் தேடிக்கொண்டு வந்தார். கச்சேரிக் குழுவின் தலைவி. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகு கடற்கரைப் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். சாமி இவனிடம் தணிந்த குரலில் பேசியதைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்னா முசியே லூர்து? யாராச்சும் தவறிட்டாங்களா?"

"பின்தெருவுல ஒருத்தர், மதாம்."

"பாவம்," என்று சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, பாடுகிற பெண்ணுக்குக் குடிக்க வெந்நீர் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். கொடுத்தாயிற்று என்றான்.

இரண்டாம் பகுதியில் அவன் ஒரு பக்கத்தைக்கூடத் தவறவிடவில்லை.

தலையசைப்புக்குக் காத்திருந்தபோது கோவில் வாசல் ஞாபகம் வந்தது. ஆர்கன் சரியாகி முதல் கச்சேரி முடிந்த சாயங்காலம். மதாமை வழியனுப்ப வெளியே வந்தான். வரிசையில் முதலில் நின்றது அண்ணனின் ஆட்டோ. காக்கிச் சட்டையோடு அண்ணன் இவனைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தார். இவன் கையை நீட்டி, "ஆட்டோ" என்றான். வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். அண்ணன் சிரிப்பை முடிக்கவில்லை. மதாமுக்காகக் கொஞ்சம் குனிந்து, "எங்க சார் போவணும்?" என்று இவனைக் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வாசலில் அவன் அவருக்கு சார்தான். வீட்டில் லூர்து. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். தட்டல் ஓயவில்லை. ஆர்கன் வாசித்த அம்மாள் வேர்த்த முகத்தோடு அவனைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொன்று வாசிக்கலாமா என்று கேட்டாள். வட்டக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அவன் இசைத்தாள் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவி அவள் முன்னால் வைத்தான். நீளமான பாட்டு என்று அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு சால்வைகள். நன்றியுரை அவனுடையது. பேசி முடித்துக் கீழே வந்தபோது கோவிலில் எல்லா விளக்கும் எரிந்தன. மணிக்கூண்டின் கதவு பூட்டியிருந்தது. மார்ட்டின் இல்லை.

பின்தெருவுக்கு நடந்தே போனான். மீந்த நிகழ்ச்சி நிரல் தாள்கள் கையில் இருந்தன. அவற்றை எங்கேயாவது வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

ஷாமியானா இன்னும் வரவில்லை. நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் தெருவில் கிடந்தன. பக்கத்து வீட்டுத் தனக்கொடி வாசலில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், மந்திரிச்சி என்னா, நன்மை குடுத்து என்னா, கடைசியில மணியைக் காணோமே என்று. அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அண்ணனை முன்னறையில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தாடை துணியால் கட்டியிருந்தது. கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. காக்கிச் சட்டை ஆணியில் தொங்கியது. அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகள் பாரதி சுவரோடு நின்று போனில் யாருக்கோ தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தவில்லை.

"வாங்க தம்பி," என்றாள் அண்ணி. அவள் அழவில்லை. "கச்சேரி முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது அண்ணி."

"உங்கண்ணனுக்கு மூச்சு அடங்கசொல்ல அங்க வாசிக்க ஆரம்பிச்சாங்க. ஜன்னலைத் தொறந்து வுட்டேன். நல்லாக் கேட்டுச்சு."

அவன் அண்ணனின் பாதங்களைப் பார்த்தான். யாரோ பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

வாசலில் தனக்கொடி உள்ளே எட்டிப் பார்த்தாள். அண்ணி குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"மணி வேணாம், அந்தப் பாட்டே இவருக்காவ இருக்கட்டும்னு சொல்லிட்டீங்களா தம்பி?"

அவன் நிமிர்ந்தான். அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கேள்வி மட்டும்தான் இருந்தது.

"ஆமா அண்ணி."

"இவருக்காவத்தான?"

"ஆமா."

"கேட்டுக்கோ தனக்கொடி," என்றாள் அண்ணி. "எத்தினி பேருக்கு மணி அடிக்கிறாங்க. ஆர்கன் வச்சி வாசிச்சிருக்காங்களா யாருக்காச்சும்?"

தனக்கொடி இல்லை என்று சொன்னாள். தன் வீட்டுக்காரருக்குக்கூட மணியோடு சரி என்றாள். தெருவில் இரண்டொருவர் உள்ளே வந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் அண்ணி அழ ஆரம்பித்தாள்.

ஈ ஒன்று அண்ணனின் மூக்கருகில் உட்கார்ந்தது. அவள் கையை நீட்டி லூர்துபிரகாஷிடமிருந்த தாள்களில் ஒன்றை வாங்கி விசிறினாள். ஐஸ் பெட்டி வரும்வரை விசிறிக்கொண்டிருந்தாள்.

காலையில் பூசைக்கு முன்னால் ஐஸ் பெட்டியிலிருந்து மரப் பெட்டிக்கு மாற்றினார்கள். உடல் தெருவைத் தாண்டும்போது மணி அடிக்கும் என்று சாமி சொல்லியனுப்பியிருந்தார். ராத்திரி முழுக்க வந்தவர்களிடம் அண்ணி ஆர்கன் கதையைச் சொல்லியிருந்தாள். வந்தவர்கள் லூர்துபிரகாஷின் கையைப் பிடித்து, நல்ல தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். துக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. மதாம் அகஸ்டினா இறங்கினார். கையில் சம்பங்கிப் பூ. பெரிய மார்க்கெட்டில் வாங்கியிருக்க வேண்டும். ஓட்டி வந்த பையனிடம் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். பூவைப் பெட்டியில் வைத்தார். அண்ணியின் பக்கத்தில் குனிந்தார்.

"சவரிதான் என்னை வாரம் தவறாம மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கினு போவாரும்மா. பைய மேல வரைக்கும் கொண்டாந்து வைப்பாரு. இன்னிக்குக் காலையிலதான் ஸ்டாண்டுல சொன்னாங்க."

நிமிர்ந்தபோது பெட்டியின் மறுபக்கம் நின்ற லூர்துபிரகாஷைப் பார்த்தார்.

"முசியே லூர்து. நீங்களும் வந்துட்டீங்களா," என்றார். கோவில் சார்பில் வந்திருக்கிறான் என்று நினைத்த குரல்.

"இவரு கொழுந்தனாருங்க," என்றாள் அண்ணி. "அவரோட கூடப்பொறந்த தம்பி."

மதாம் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். மூக்கும் நெற்றியும் ஒன்றுதான். யாருக்கும் தெரியக்கூடியது.

"உங்களப் பத்தி எவ்ளோ பேசியிருக்கேன் அவரு கிட்ட," என்றார் மெதுவாக. "முசியே லூர்து இல்லன்னா அந்தக் கச்சேரியே இல்லம்பேன். கேட்டுக்கினே ஓட்டுவாரு. ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அவனால் எங்கேயும் பார்க்க முடியவில்லை. கண்ணுக்கு எதிரே பெட்டி இருந்தது.

"நேத்து ஆர்கன் இவருக்காவத்தான் வாசிச்சாங்க மதாம்," என்றாள் அண்ணி. "தம்பிதான் சொல்லி ஏற்பாடு."

ஜெபமாலை ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குப் போனது. மதாம் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா," என்றார். "நல்லா வாசிச்சாங்க."

அவர் திரும்ப அவனைப் பார்க்கவில்லை. பெண்களோடு உட்கார்ந்து ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்.

லூர்துபிரகாஷ் பின்பக்கம் போனான். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். மறுபடி கழுவினான். பாரதி துண்டோடு வந்து நின்றாள். நேற்றிலிருந்து அவள் அவனோடு பேசியிருக்கவில்லை.

"அம்மா கிட்டச் சொல்லிடறேன் பாரதி," என்றான். "அது அவருக்காவ வாசிச்சது இல்ல. நான்தான் மணியை—"

"மார்ட்டின் மாமா நேத்தே வந்து சொல்லிட்டாரு சித்தப்பா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு?"

"அம்மா கிட்டதான் சொன்னாரு."

அவன் துண்டை வாங்கவில்லை. அவள் அதைக் கொடியில் போட்டாள்.

"தெரியும்னா ஏன் அப்பிடிக் கேட்டாங்க?"

"நானும் அதான் கேட்டேன். தெருவே பாத்துக்கினு இருக்குது, சித்தப்பா தலை குனியக்கூடாது, நாம்பளும் குனியக்கூடாதுன்னாங்க." அவள் குழாயை மூடினாள். "வாங்க. மூடப் போறாங்க."

மூடும்போது அண்ணி மறுபடியும் அந்தத் தாளால் விசிறிக்கொண்டிருந்தாள். ஓரங்கள் வேர்வையில் நைந்துபோயிருந்தன. யாரோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெட்டியை ஏற்றிய வண்டி பின்தெருவைத் தாண்டியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒரு அடி. அது முழுக்க அடங்கியபின் இன்னொரு அடி. வீடுகளின் வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். லூர்துபிரகாஷ் வண்டிக்குப் பின்னால் நடந்தான். அண்ணி ஒரு தடவை தலையைத் தூக்கி மணிக்கூண்டைப் பார்த்தாள்.

கோவில் வாசலில் ஆட்டோக்காரர்கள் காக்கிச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். அண்ணனின் ஆட்டோவை வரிசையில் முதலாவதாக நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். வண்டி நின்றதும் ஓடிவந்து பெட்டியை இறக்கக் கை கொடுத்தார்கள். லூர்துபிரகாஷ் முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்தான்.

"சார், நீங்க வுடுங்க சார்," என்றான் ஒரு இளைஞன். விஜய். கச்சேரி நாட்களில் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு போவான். "உங்களுக்கு எதுக்கு சிரமம். அவரு தம்பி ஒருத்தர் இருக்காராம். முன்னாடி அவருதான் புடிக்கணும்."

அவன் கூட்டத்தில் யாரையோ தேடிக் கழுத்தை நீட்டினான்.

"நான்தான்," என்றான் லூர்துபிரகாஷ்.

தலைக்கு நேர் மேலே மணி அடித்தது. விஜய் காதருகே கையை வைத்துக் குனிந்தான்.

"என்னா சார்?"

மணி அடங்கட்டும் என்று லூர்துபிரகாஷ் காத்திருந்தான். கைப்பிடியை விடவில்லை. மேலே மார்ட்டின் அவசரமில்லாமல் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.